ஜாப்டோஸ் சிறகு மடக்கிய அந்த ஒரு சுற்று: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

ஈரச்சிறகு:

மூன்று நாளாகிவிட்டது, மனம் ஆறவில்லை. போக்கிமான் ஷோடவுன் என்ற இணையப் போர்த் தளத்தில் 8ஆம் தலைமுறை ஓயூ (பெரும்பாலோர் ஆடும் பிரிவு) ஆட்டம். என்னிடம் மின்-பறக்கும் டைப் பறவையான ஜாப்டோஸும் உயிர் ஊசலாடும் ஒரு ஃபெரோதார்னும். எதிராளியிடம் நில-பறக்கும் டைப் லாண்டோரஸ் தெரியன், பின்னால் நீர் டைப் டாப்பு ஃபினி. லாண்டோரஸ் மட்டும் விழுந்தால் போதும், ஃபினியை என் மின் அடி தண்டர்போல்ட் பார்த்துக்கொள்ளும்.

லாண்டோரஸின் நான்கு மூவ்களையும் அதற்குள் பார்த்துவிட்டேன்: ஸ்டெல்த் ராக் (களத்தில் இறங்குபவரைக் குத்தும் பாறைப்பொறி), யூ-டர்ன் (அடித்துவிட்டு மாறிக்கொள்வது), டாக்ஸிக் (நஞ்சு), எர்த்குவேக் (நில டைப் அடி). பறவைக்கு ஆகாத பாறை அடி ஸ்டோன் எட்ஜ் கிடையாது. அதன் ஹெச்பி (உயிர்ப்புள்ளி) பாதிதான். என் ஹரிகேன் பட்டால் அதோடு முடிந்தது. ஆனால் ஹரிகேன் 70 சதவீதம்தான் படும். என் பறவைக்கும் பாதி ஹெச்பிதான். தவறினால் என்ன செய்வது என்று ஒரு கணம் யோசித்தேன். முதலில் தரையில் அமர்ந்து பாதி ஹெச்பியை மீட்கும் ரூஸ்ட், முழு ஹெச்பி, பிறகு நிதானமாக ஹரிகேன் என்று முடிவு செய்தேன். அவர் வழக்கம்போல் யூ-டர்னோ டாக்ஸிக்கோ போடுவார் என்று நினைத்தேன். எர்த்குவேக் என் நினைப்பிலேயே இல்லை. பறக்கும் டைப்பை நில அடி தொடாதே, பறவைக்கு எதற்கு எர்த்குவேக்?

பச்சைக் கோடு நிரம்பி முழுதாக நின்றது. அடுத்த வரியில் எர்த்குவேக். நிரம்பிய கோடு ஒரே இழுப்பில் வெறுமையாகிவிட்டது. ரூஸ்ட் போட்ட சுற்று முடியும்வரை பறக்கும் டைப் போய்விடும், மிஞ்சும் மின் டைப்பில் எர்த்குவேக் இரு மடங்காகப் படும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு நொடியில் மட்டும் நினைவுக்கு வரவில்லை. அந்தக் கோடு நிரம்பிக் காலியான காட்சிதான் கண்ணை மூடினால் வருகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

கல்மழை:

வருத்தம் புரிகிறது நண்பரே. ஆனால் அங்கே பறவையைக் கொன்றது ரூஸ்ட் அல்ல, உங்கள் வேகம். டிமிட் (வேகம் கூட்டும் இயல்பு), முழு வேக முதலீடு வைத்திருப்பீர்கள், 328. தற்காப்பு லாண்டோரஸின் வேகம் 218. நீங்கள் முந்திக்கொண்டு தரையில் அமர்ந்தீர்கள், அது பிந்தி வந்து மிதித்தது. எனக்கு இதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. என் ஜாப்டோஸ் 236 வேகத்தில் மெதுவாகப் போகும் தற்காப்பு வகை. எதிரில் வேகமான லாண்டோரஸ். அவரும் ரூஸ்ட்டை ஊகித்து எர்த்குவேக்தான் போட்டார். ஆனால் அது முதலில் வந்துவிட்டது. பறவை அப்போது வானத்தில் இருந்தது, கீறல்கூட இல்லை. அதன் பிறகுதான் ரூஸ்ட். அவர் அரட்டைப் பெட்டியில் இரண்டு வியப்புக்குறி மட்டும் போட்டார்.

ஆகவே எல்லோரும் தற்காப்பு ஜாப்டோஸுக்கு மாறுங்கள். ஹெச்பிக்கு 252 முதலீட்டுப் புள்ளி வேண்டாம், 248 போடுங்கள். 252 போட்டால் ஹெச்பி 384. நாலில் ஒரு பங்கு சரியாக 96. ஸ்டெல்த் ராக்கிலிருந்து காக்கும் ஹெவி-டியூட்டி காலணி பறிபோன பிறகு ஸ்டெல்த் ராக்மேல் நான்கு முறை இறங்கினால் 384ம் போய்விடும். 248 போட்டால் 383. ஒவ்வொரு முறையும் 95தான் குறையும், நான்காம் முறைக்குப் பிறகும் 3 மிஞ்சும். அந்த மூன்றை வைத்துக்கொண்டு ரூஸ்ட் போட்டு மீண்ட ஆட்டங்கள் என்னிடம் இருக்கின்றன. மீதியைத் தற்காப்பில் போடுங்கள், இயல்பு போல்ட் (தற்காப்பு கூட்டும்), காலணி ஹெவி-டியூட்டி. கையிலுள்ள பொருளைத் தட்டிவிடும் நாக் ஆஃப் வைத்திருப்பவர் எதிரில் இருந்தால் முதல் சுற்றிலேயே பறவையை இறக்காதீர்கள். டிஸ்சார்ஜ், ஹரிகேன், ஹீட் வேவ், ரூஸ்ட். இதைவிட்டு வேறு எதுவும் தேவையில்லை. வேக வகையை வைத்து ஆடுபவர்கள் ஜாப்டோஸைப் புரிந்துகொள்ளாதவர்கள் என்பது என் உறுதியான கருத்து.

பழைய கேட்ரிட்ஜ்:

ரூஸ்ட் 4ஆம் தலைமுறையில் வந்தது. நான் பேசுவது அதற்கு முந்தைய காலம், 3ஆம் தலைமுறை ஆட்டமான ஃபயர்ரெட். பவர் பிளான்ட்டில் லெவல் 50இல் நிற்குமே, அந்தப் பறவை.

அப்போது ஜாப்டோஸ் வைத்திருப்பவனுக்கு நீர்-நில டைப் ஸ்வாம்பெர்ட் என்றாலே வயிற்றில் புளி கரைக்கும். மின்சாரம் ஏறாது, டிரில் பெக்கால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒரே மருந்து, புல் டைப் ஹிட்டன் பவர். ஆனால் எந்த டைப் அமையும் என்பது பிடிக்கிற பறவையின் மறைவெண்களில் இருக்கிறது, ஆட்டம் அதை வாய்விட்டுச் சொல்லாது. ஆகவே பிடிக்க வேண்டும், ஹிட்டன் பவர் கற்பிக்க வேண்டும், சோதிக்க வேண்டும், இல்லையென்றால் நான்கு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பழைய சேமிப்புக்குத் திரும்ப வேண்டும். முதலில் பாறை-நில டைப் ஜியோடூட்மேல் போட்டுப் பார்ப்பேன். பலமாகப் பட்டால் அடுத்து நீர் டைப் போலிவாக். இரண்டிலும் பலமாகப் பட்டால் அது புல். வேறு எதுவாகவும் இருக்க முடியாது. பள்ளி விடுமுறை முழுக்க இதே வேலை. ஒரு மாலை, மின்சாரம் போயிருந்த நேரம், திண்ணையில் உட்கார்ந்து, போலிவாக்மேலும் பலமாகப் பட்டது என்ற வரியைப் படித்தேன். அந்த வரி திரையில் இருந்தபடியே அதை அடுத்த வரிக்கு நகர்த்தாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி திறந்ததும் இணைப்புக் கம்பியில் ஒரே ஓர் ஆட்டம். நண்பன் வழக்கம்போல நிம்மதியாக ஸ்வாம்பெர்ட்டை இறக்கினான். நான்கு மடங்கு. கோடு சிவப்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவன் தலையை நிமிர்த்தி என் கையிலிருந்த கருவியைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஊரிலிருந்து பெரியம்மா வீட்டுத் தம்பி வந்திருந்தான். விளையாடக் கேட்டான், கொடுத்தேன். புதிய ஆட்டம் தொடங்கிச் சேமித்துவிட்டான், என் பழைய சேமிப்பு அழிந்தது. சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும். திட்டக்கூட இல்லை. ஆனால் புதிய ஆட்டம் என்ற சொல்லை எந்தத் திரையில் பார்த்தாலும் அந்தப் பறவை நினைவுக்கு வருகிறது. அந்தப் பறவையை வைத்து நான் ஆடியது ஒரே ஓர் ஆட்டம்.

தூறல்:

கல்மழை சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உங்கள் 236 வேகமும் தற்காப்பு லாண்டோரஸின் 218ஐவிட அதிகம்தானே? ஈரச்சிறகுக்கு எதிரில் இருந்தது அந்த 218 லாண்டோரஸ். உங்கள் பறவையை அங்கே நிறுத்தியிருந்தாலும் அது முந்திக்கொண்டுதான் அமர்ந்திருக்கும். உங்களுக்கு எதிரில் வேகமான லாண்டோரஸ் வந்ததால் தப்பித்தீர்கள்.

தற்காப்பு வகை செத்திருக்காது என்பது உண்மை. ஈரச்சிறகின் பறவைக்கு ஹெச்பி 321. முதலீடு இல்லாத லாண்டோரஸின் எர்த்குவேக்கே, பறவை தரையில் இருக்கும்போது, 338 முதல் 402 வரை அடிக்கும். முழு ஹெச்பி இருந்தும் பயனில்லை. உங்கள் தற்காப்புப் பறவைக்கு அதே அடி 236 முதல் 282 வரை. ஆனால் ரூஸ்ட் திருப்பித் தருவது 192. ஒவ்வொரு முறையும் ஏற்றுவதைவிட இறங்குவது அதிகம். ஆகவே எந்த ஜாப்டோஸாக இருந்தாலும் மெதுவான லாண்டோரஸ் முன்னால் அமரக்கூடாது என்பதுதான் விஷயம். வேக வகை வைப்பவர்களுக்குப் புரியாது என்று சொன்னது நியாயமில்லை.

என் கதை சிறியது. ஸ்டாட்டிக் ஜாப்டோஸ். எதிராளியின் எக்ஸ்காட்ரில் என் ஸ்டெல்த் ராக்கைத் துடைக்க ரேப்பிட் ஸ்பின் போட்டது, பறவைமேல் உரசியது, முடங்கியது. அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுதினார்: நில டைப்புக்கு முடக்கம் எப்படி வரும்? இது ஏமாற்று. நான் பொறுமையாக விளக்கினேன்: நில டைப்பை மின் டைப் மூவ் தொடாது, அவ்வளவுதான், ஸ்டாட்டிக் மூவ் அல்ல, தொட்டால் 30 சதவீதம் முடக்கும் திறன், அதற்கு நிலம் விலக்கு இல்லை, மின் டைப்புக்குத்தான் விலக்கு. லாண்டோரஸ் யூ-டர்ன் போட்டு உரசினாலும் இதேதான். எழுதி முடிப்பதற்குள் அவர் வெளியேறிவிட்டார். வெற்றி என் கணக்கில் ஏறியது. எனக்கு அந்த வெற்றி வேண்டியிருக்கவில்லை, அவர் படித்திருக்க வேண்டும். இன்றுவரை அவர் என்னை ஏமாற்றுக்காரன் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

மின்கம்பி:

ஈரச்சிறகு, நீங்கள் ரூஸ்ட் போட்டதில் தவறில்லை. ஹரிகேனை நம்பி நான் பட்டது போதும். ஒரே ஆட்டத்தில் மூன்று ஹரிகேன், மூன்றும் காற்றில் போயின. நூறு முறை போட்டால் மூன்று முறைகூட அப்படி நடக்காது. மூன்றாவது தவறியபோது நான் கணினியின் மூடியை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

அன்றிலிருந்து மழை இல்லாமல் ஹரிகேன் போடுவதில்லை. மழையில் அது தவறவே தவறாது, தண்டரும் அப்படித்தான். பெலிப்பர் இறங்கினாலே டிரிஸில் என்ற திறனால் மழை தொடங்கும். அதன் கையில் டாம்ப் ராக் கொடுங்கள், ஐந்து சுற்று எட்டாகும். பெலிப்பர் யூ-டர்ன் போட்டு வெளியேறட்டும், ஜாப்டோஸ் அடிபடாமல் இறங்கும். எட்டுச் சுற்றில் ஒன்று பெலிப்பருக்கே போய்விடும், ஆகவே சுற்றுகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே ஆடுங்கள். நான் தாளில் கோடு போடுகிறேன். தண்டர்போல்ட்டின் பலம் 90, தண்டரின் பலம் 110, தண்டர் முடக்குவதும் 30 சதவீதம். மழையில் இருக்கும்போது தண்டர்போல்ட்டை ஏன் சுமக்க வேண்டும்? வெதர் பால் வைத்தால் அது நீர் டைப்பாகி இரு மடங்கு பலம் பெறும், லாண்டோரஸையே கழுவிவிடும். ஹீட் வேவை எடுத்துவிடுங்கள், மழையில் நெருப்பு பாதிதான். எதிராளி வெயில் கொண்டுவந்தால் மட்டும் உடனே பறவையை மாற்றுங்கள். வெயிலில் ஹரிகேன் 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இரண்டு பெலிப்பர் வைக்க முடியாது என்பதால் பெலிப்பரை உயிர்போல் காக்க வேண்டும், அதற்காக

கல்மழை:

மின்கம்பி, மழை அணி யாரும் கேட்கவில்லையே. தூறல், கணக்கு சரிதான், 218ஐ மறந்துவிட்டேன். வேக வகை பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். 248ஐத் திரும்பப் பெறமாட்டேன்.

மின்கம்பி:

கேட்கவில்லை என்றாலும் பயன்படும் என்றுதான் எழுதினேன். மீதியைத் தனியாக எழுதுகிறேன்.

முதல் தலைமுறைக்காரன்:

இரண்டு வரி. முதல் தலைமுறையில் அடிப்படை வேகத்தை வைத்துத்தான் கிரிட்டிக்கல் (பலத்த அடி). ஜாப்டோஸுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. டிரில் பெக்கில் எக்ஸிகியூட்டரைச் சாய்க்கும் பறவை, பாறை-நில டைப் ரைடன் இறங்கியதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். கடைசிப் போக்கிமானாக என் ஜாப்டோஸும் அவர் ரைடனும் எதிரெதிரே நின்ற ஓர் ஆட்டம். தண்டர்போல்ட் ஏறாது, அவர் எர்த்குவேக்கும் ஏறாது. டிரில் பெக்கால் சுரண்டிக்கொண்டே இருந்தேன். ஐந்தில் ஒன்று வரும் என்று காத்திருந்தேன். அவர் ராக் ஸ்லைடு 90 சதவீதம், அது காத்திருக்கவில்லை.

புதுச்சிறகு:

நான் ஆட வந்து சில மாதங்களே ஆகின்றன, ஆகவே தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 8ஆம் தலைமுறை ஆட்டத்தின் கிரௌன் டன்ட்ராவில் பிடித்த ஜாப்டோஸை மின் டைப் என்றே நம்பி நண்பரின் மின் டைப் ரைச்சு முன்னால் இறக்கினேன். ஜாப்டோஸ் என்றால் தண்டர்போல்ட்டைச் சாதாரணமாகத்தான் வாங்கும் என்று படித்திருந்தேன். விழுந்துவிட்டது. பிறகுதான் பார்த்தேன், கலார் வடிவம் சண்டை டைப்பும் பறக்கும் டைப்பும். அதன் தண்டரஸ் கிக் என்ற பெயரில் இடி இருந்தது, நான் அதைப் பார்த்தே நம்பிவிட்டேன். செம்மஞ்சள் இறகோடு நீண்ட கால்களில் நிற்கும் அந்தப் பறவையை எனக்கு இப்போதும் பிடிக்கும். அணியிலிருந்து எடுக்கவில்லை.

தூறல்:

எடுக்காதீர்கள் தம்பி. அதன் திறன் டிஃபையன்ட். எதிராளி அதன் ஆற்றல் எதைக் குறைத்தாலும் தாக்குதல் இரண்டு படி ஏறும். லாண்டோரஸ் இறங்கி, எதிரியின் தாக்குதலைக் குறைக்கும் இன்டிமிடேட் காட்டும்போது அதைக் களத்தில் வைத்துப் பாருங்கள்.

ஈரச்சிறகு:

எல்லோருக்கும் நன்றி. பழைய கேட்ரிட்ஜ் அண்ணா, உங்கள் கதையை இரண்டு முறை படித்தேன்.

தூறலின் கணக்கைப் பார்த்த பிறகு அந்த ஆட்டத்தின் பதிவை மறுபடி ஓட்டினேன். அன்று கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. ஆறாவது சுற்றிலும், பதினோராவது சுற்றிலும், பாதி ஹெச்பி வந்ததும் நான் ரூஸ்ட்தான் போட்டிருக்கிறேன். இரண்டு முறையும் எதிரில் லாண்டோரஸ் இல்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

நேற்றிரவு அதே அணியோடு வேறொருவருடன் ஆடினேன். இருபதாவது சுற்றைத் தாண்டி, என் ஜாப்டோஸ் பாதிக்கும் கீழே, எதிரில் லாண்டோரஸ், அதுவும் பாதி. கை தானாக ரூஸ்ட்மேல் போனது. கையை எடுத்துக்கொண்டேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, நாற்பது நொடி சும்மா உட்கார்ந்திருந்தேன். ஹரிகேன் அழுத்தினேன். பட்டது. லாண்டோரஸ் விழுந்த பிறகு அவர் எழுதினார்: ரூஸ்ட் போடுவாய் என்று எர்த்குவேக் அழுத்தியிருந்தேன்.