‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேனா, பேசினாரா?

கேள்வி: ஸ்பானிய மொழியில் ‘ஆப்லார்’ (பேசு) வினையின் நிகழ்காலத் தன்மையும் இறந்தகாலப் படர்க்கையும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. எப்படிப் பிரித்தறிவது?

பதில் 1: அழுத்தம்தான் வித்தியாசம். ‘ஆ’வில் அழுத்தினால் பேசுகிறேன், ‘லோ’வில் அழுத்தினால் பேசினார். எழுத்தில் இரண்டாவதற்கு மட்டும் ‘ஓ’ மேல் சாய்கோடு வரும். அதை விட்டுவிட்டால் ஆளே மாறிவிடுவார். ‘ஆப்லே’யும் அப்படித்தான்: கடைசியில் அழுத்தம் என்றால் பேசினேன், முதலில் என்றால் ‘பேசுங்கள்’. நம் ஏன், ஆய், ஆர் போல விகுதியே ஆளைச் சொல்வதால் ‘நான்’ என்பதற்கான ‘யோ’ பெரும்பாலும் தேவையில்லை.

பதில் 2: முடிந்த செயலுக்கு ஆப்லே (பேசினேன்), ஆப்லாஸ்தே (பேசினாய்), ஆப்லோ (பேசினார்), ஆப்லாமோஸ் (பேசினோம்), ஆப்லாரோன் (பேசினார்கள்). வழக்கமாக நடந்ததற்கு ஆப்லாபா. இது தன்மைக்கும் படர்க்கைக்கும் ஒன்றே, ஆகவே அங்கே ‘யோ’ சேர்ப்பது நல்லது. எதிர்கால வடிவம் அமைக்கும்போது பலர் ‘ஆப்லார்’ முடிவிலுள்ள ‘ஆர்’ விகுதியை வெட்டிவிடுகிறார்கள். வெட்டக்கூடாது, முழு வினையோடு ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், ஆன் ஒட்டவேண்டும்: ஆப்லாரே (பேசுவேன்), ஆப்லாராஸ் (பேசுவாய்).

பதில் 3: ‘ஆப்லாமோஸ்’ பேசுகிறோம், பேசினோம் இரண்டுக்கும் பொது. ‘ஆயேர்’ (நேற்று) போன்ற சொல்தான் காட்டிக்கொடுக்கும். ‘கொமேர்’ (சாப்பிடு) வினையில் இந்தத் தொல்லை இல்லை: கொமேமோஸ் நிகழ்காலம், கொமீமோஸ் இறந்தகாலம்.