24-16 என்ற கணக்கு: ஃபெடரரின் பேக்ஹேண்டும் நடாலின் இடது கையும்

கேள்வி: நெல்லை ரசிகன்

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகனுக்கும் எனக்கும் இரண்டு வாரமாக ஒரு வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2003ஆம் ஆண்டு விம்பிள்டனில் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் தம் முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டத்தை வென்ற நாளிலிருந்து அவருடைய ஆட்டத்தில் மனத்தைப் பறிகொடுத்தவன் நான். அவனோ ரஃபேல் நடாலைத் தவிர வேறு எவரையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. 2004இல் மியாமியில் தொடங்கி 2019 விம்பிள்டன் அரையிறுதியில் முடிந்த இவர்களுடைய 40 ஆட்டங்களில் நடால் 24 முறையும் ஃபெடரர் 16 முறையும் வென்றிருக்கிறார்கள். "நேருக்கு நேர் நின்று தோற்றவரை எந்தக் கணக்கில் பெரியவர் என்கிறீர்கள், மாமா?" என்று அவன் கேட்டான்.

நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். 40 ஆட்டங்களில் 16 களிமண் தரையில் நடந்தவை. அவற்றில் நடால் 14-2 என்று முன்னிலை வகிக்கிறார். அவற்றை ஒதுக்கிவிட்டால் ஃபெடரரே 14-10 என்று முந்துகிறார். களிமண்ணிலும் இறுதியாட்டம் வரை வரக்கூடியவராக ஃபெடரர் இருந்ததால்தான் அந்தத் தோல்விகள் அவர் கணக்கில் சேர்ந்தன. அவர் 2004 முதல் 2008 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்ற அமெரிக்க ஓபனிலோ இருவரும் ஒருமுறைகூட மோதவில்லை.

அவன் விடவில்லை. 2014ஆம் ஆண்டு முடிந்தபோது களிமண்ணை நீக்கிப் பார்த்தாலும், கடினத் தரையில் நடாலே 9-6 என்று முன்னிலையில் இருந்தார் என்பதை எடுத்துக் காட்டினான். சரிபார்த்தேன், அவன் சொன்னது சரிதான். ஆகவே தரையை மட்டும் காரணமாகச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. நடாலைக் கண்டால் ஃபெடரர் மனம் தளர்ந்தாரா, அல்லது இருவருடைய ஆட்டமுறைகளும் பொருந்திய விதமே அப்படியா? ஆட்டமுறைதான் காரணம் என்றால், 2015 அக்டோபருக்குப் பிறகு நடந்த ஏழு ஆட்டங்களில் ஆறை ஃபெடரர் வென்றது எப்படி? விளையாடிப் பழக்கமுள்ளவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

மறுமொழி 1: ஒற்றைக்கை

நண்பரே, இருபது ஆண்டுகளாக ஒற்றைக்கைப் பேக்ஹேண்ட் (மட்டை பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்தை ஒரே கையால் அடிப்பது) ஆடிவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி ஆடுகளத்தின் அளவுகளிலேயே இருக்கிறது.

வலையின் உயரம் நடுவில் 0.914 மீட்டர், ஓரக் கம்பங்களில் 1.07 மீட்டர். ஆடுகளத்தின் நீளம் 23.77 மீட்டர். மூலைக்கு மூலை குறுக்காக அடித்தால் பந்து விழுவதற்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் கூடுதலாக இடம் கிடைக்கிறது; வலையும் தாழ்வான நடுப்பகுதியில் கடக்கப்படுகிறது. பக்கக் கோட்டை ஒட்டி நேராக அடித்தால் வலை உயரம், இடம் குறைவு. இதனால்தான் பயிற்சியின் முதல் நாளிலேயே குறுக்காக அடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இரண்டு வலக்கையர்கள் ஆடும்போது குறுக்கடி ஒருவருடைய ஃபோர்ஹேண்டிலிருந்து (மட்டை பிடிக்கும் கையின் பக்கத்திலிருந்து) மற்றவருடைய ஃபோர்ஹேண்டுக்கும், பேக்ஹேண்டிலிருந்து பேக்ஹேண்டுக்கும் போகும். நடால் இடது கையால் ஆடுபவர். ஆகையால் அவருடைய மிக வலுவான, மிகப் பாதுகாப்பான அடி நேராக ஃபெடரரின் பேக்ஹேண்டைச் சென்றடைகிறது. அதை ஃபெடரர் பாதுகாப்பாகக் குறுக்கே திருப்பினால் பந்து மறுபடியும் நடாலின் ஃபோர்ஹேண்டுக்கே வருகிறது. அந்தச் சுழலிலிருந்து வெளியேற வேண்டுமென்றால், உயரமான வலைக்கு மேலாக, குறைந்த இடத்துக்குள், கோட்டை ஒட்டி அடிக்க வேண்டும். ஒருவருக்கு எளிதான அடி மற்றவரை இடர் மிகுந்த அடிக்குத் தள்ளியது. இது ஒவ்வொரு ஆட்டத்திலும் நூறு முறை நடந்தது.

இனி உயரத்தைப் பாருங்கள். எங்கள் சங்கத்தில் இடது கையால் ஆடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நடாலின் சுழற்சியில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்கு வராது. ஆனாலும் அவர் டாப்ஸ்பின்னோடு, அதாவது பந்து முன்னோக்கிச் சுழலும்படி, என் இடப்பக்க மூலைக்கு அடிக்கும்போது பந்து என் தோளுக்கு மேல் எழும்பிவிடுகிறது. ஒற்றைக்கைப் பேக்ஹேண்டுக்கு இடுப்பு உயரம்தான் இன்பம். பந்து தோளைத் தாண்டினால் முழங்கை மடங்குகிறது, மட்டையின் முகம் மேல்நோக்கித் திறந்துகொள்கிறது, உடலின் எடை அடிக்குள் போவதே இல்லை. இடது கை துணைக்கு வந்து தள்ளவும் வழியில்லை. பின்னால் நகர்ந்து பந்தை இறங்கவிட்டு அடிக்கலாம், ஆனால் அப்போது எதிராளிக்கு ஆடுகளமே திறந்து கிடக்கும். ஸ்லைஸ் செய்து, அதாவது பந்தின் அடியை வெட்டுவதுபோல் அடித்து, தாழ்வாகத் திருப்பலாம். மற்றவர்களை அந்த ஸ்லைஸ் குனிய வைத்தது. நடாலோ தாழ்ந்த பந்தை அடியிலிருந்து அள்ளி எடுத்து இன்னும் அதிகச் சுழற்சியோடு திருப்பி அனுப்பினார்.

சர்வீஸையும் மறந்துவிடக் கூடாது. 15-40 நீங்கலாகப் பிரேக் பாயிண்ட் (சர்வ் செய்பவரின் கேமை எதிராளி ஒரே புள்ளியில் பறிக்கக்கூடிய நிலை) எல்லாமே இடப்பக்கக் கட்டத்துக்குச் சர்வ் செய்து ஆடப்படுபவை. அந்தக் கட்டத்தில் இடக்கையரின் சர்வீஸ் வலக்கையரின் பேக்ஹேண்டை நோக்கி வளைந்து, அவரை ஆடுகளத்துக்கு வெளியே இழுத்துச் செல்லும். 2007 பிரெஞ்சு ஓபன் இறுதியாட்டத்தில் ஃபெடரருக்கு 17 பிரேக் பாயிண்ட்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றைத்தான் வென்றார். ஆட்டம் 6-3, 4-6, 6-3, 6-4 என்று நடாலிடம் போனது. அன்று ஃபெடரர் கலங்கிவிட்டார் என்று எழுதியவர்கள் பலர். அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் பந்து எந்தப் பக்கம் வந்தது என்பது தெரியும்.

மறுமொழி 2: நுங்கம்பாக்கம் மேல்வரிசை

ஒற்றைக்கை ஐயா சொன்ன உயரத்தை நான் கண்ணால் கண்டவன். 2008 ஜனவரியில் நடந்த சென்னை ஓபன் அரையிறுதியில் நடாலும் கார்லோஸ் மோயாவும் மோதினார்கள். மூன்று செட்டும் 6-6 என்று சமமாகி டைபிரேக்கர் வரை போய், ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீடித்த ஆட்டம் அது. தொலைக்காட்சி நடாலின் ஃபோர்ஹேண்டுக்கு ஒருபோதும் நீதி செய்ததில்லை. பின்னால் மேலிருந்து பிடிக்கும் காமிராவில் அந்தப் பந்து சற்று வளைந்து போவதாக மட்டுமே தெரியும். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தபோது, வலைக்கு வெகு மேலே கடந்து வெளியே போய்விடும் என்று நினைத்த பந்து, திடீரென்று தலை கவிழ்ந்து கோட்டுக்குள் விழுந்து, விழுந்த இடத்திலிருந்து உதைத்துக்கொண்டு எழுந்தது. மோயா இரண்டு கைகளால் பேக்ஹேண்ட் ஆடுபவர், ஆறடியைத் தாண்டிய உயரம் வேறு. அவரே பலமுறை தோளுக்கு மேல் மட்டையைத் தூக்க வேண்டியிருந்தது. அதே மோயா பின்னாளில் நடாலின் பயிற்சியாளரானார்.

அந்த ஆட்டத்தில் களைத்துப்போன நடால் மறுநாள் இறுதியாட்டத்தில் மிகைல் யூஷ்னியிடம் 0-6, 1-6 என்று தோற்றதையும் அதே அரங்கில் பார்த்தேன். யூஷ்னி ஒற்றைக்கைப் பேக்ஹேண்ட் ஆட்டக்காரர்தான். கால்கள் ஓயும்போது நடாலின் பந்து எழும்புவதில்லை என்று அன்று எனக்குப் பட்டது.

உங்கள் அக்கா மகன் சொல்லும் 9-6 என்ற கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். 2014 வரை கடினத் தரையில் ஃபெடரர் பெற்ற அந்த ஆறு வெற்றிகளில் நான்கு, ஆண்டிறுதிப் போட்டியில் உள்ளரங்கில் கிடைத்தவை: 2006, 2007இல் ஷாங்காய், 2010, 2011இல் லண்டன். 2011இல் 6-3, 6-0 என்று முடித்தார். உள்ளரங்கில் வெயிலும் காற்றும் இல்லை. பந்தும் அவ்வளவு எழும்புவதில்லை. ஆஸ்திரேலிய ஓபனில் அதே காலத்தில் நடந்த மூன்று ஆட்டங்களையும் (2009, 2012, 2014) நடாலே வென்றார். கடினத் தரை என்று ஒரே பெயரில் அழைத்தாலும் இவ்விரண்டும் இந்த இருவருக்கும் வெவ்வேறு தரைகள்.

மறுமொழி 3: திருச்சி வாசகி

இதுவரை சொல்லப்பட்டவற்றை ஏற்கிறேன். மூன்றாவது மனிதரையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுமை பெறும் என்பது என் கருத்து.

2011 மே மாதத்தில் நோவாக் ஜோகோவிச் மாட்ரிட் இறுதியாட்டத்திலும், ஒரு வாரம் கழித்து ரோம் இறுதியாட்டத்திலும் நடாலைத் தோற்கடித்தார். இரண்டும் களிமண் தரை. ஜூன் 3ஆம் தேதி பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில், அந்த ஆண்டு ஒரு தோல்விகூடக் காணாதிருந்த அதே ஜோகோவிச்சை ஃபெடரர் வென்றார். இரண்டு நாள் கழித்து இறுதியாட்டத்தில் நடால் ஃபெடரரை 7-5, 7-6, 5-7, 6-1 என்று வென்றார். ஒரு மாதத்துக்குள், ஒரே வகைத் தரையில், மூவரும் ஒருவரையொருவர் வட்டமாக வென்றிருக்கிறார்கள். இவர்களில் யார் பெரியவர் என்று இந்த வட்டத்தை வைத்து எப்படிச் சொல்வது? உங்கள் அக்கா மகனிடம் இதைக் கேளுங்கள்.

காரணம் ஒற்றைக்கை ஐயா விளக்கிய அதே மூலையில் இருக்கிறது. ஜோகோவிச்சின் பேக்ஹேண்ட் இரண்டு கைகளால் ஆடப்படுவது. தோள் உயரத்துக்கு வரும் பந்தை அவர் பின்வாங்காமல், எழும்பும் நிலையிலேயே எடுத்துத் தட்டையாக அடிப்பார். குறுக்கே அடித்தாலும் நடாலுக்கு நேரம் கிடைக்காது. கோட்டை ஒட்டி அடிக்கவும் அவர் தயங்குவதில்லை. அந்த ஒரே ஆண்டில் ஆறு இறுதியாட்டங்களில் அவர் நடாலை வென்றார். மறுபுறம், ஜோகோவிச்சின் பந்து தோளுக்கு மேல் எழும்பாததால், ஃபெடரர் தமக்குப் பிடித்த உயரத்தில் அதை முன்கூட்டியே எடுத்து ஆட முடிந்தது.

மனம் தளர்ந்ததா என்ற கேள்விக்கு எனக்கு வேறு பதில் உண்டு. 2008 விம்பிள்டன் இறுதியாட்டத்தின் நான்காவது செட் டைபிரேக்கரில், 7-8 என்ற நிலையில், நடாலுக்கு ஒரே ஒரு புள்ளி தேவைப்பட்டபோது, ஃபெடரர் ஒரு பேக்ஹேண்டைக் கோட்டை ஒட்டி நேராக அடித்து, பந்து அவரைத் தாண்டிப் போகச் செய்தார். மேலே சொன்னபடி, இருப்பதிலேயே இடர் மிகுந்த அடி அது. மனம் ஒடிந்தவர் அந்த நொடியில் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டார். 9-7 என்று ஐந்தாவது செட்டில் தோற்றார் என்பது உண்மையே. ஆனால் நான்கு வாரத்துக்கு முன்பு பாரிஸில் இதே நடாலிடம் 1-6, 3-6, 0-6 என்று நசுங்கியவர் அவர் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

மறுமொழி 4: ஒற்றைக்கை

அம்மா சொன்ன வட்டம் அருமையான எடுத்துக்காட்டு, எனக்குத் தோன்றவில்லை. 2015க்குப் பிந்தைய மாற்றத்தைப் பற்றி நான் எழுதாமல் விட்டுவிட்டேன்.

ஃபெடரர் நெடுங்காலம் 90 சதுர அங்குல மட்டையோடு ஆடினார். 2014இல் 97 சதுர அங்குல மட்டைக்கு மாறினார். சிறிய மட்டையில் பந்து மையத்திலிருந்து சற்று விலகினாலும் அடி கெட்டுவிடும். உயர்ந்து சுழன்று வரும் பந்தை எழும்பும்போதே அடிப்பவருக்கு அது பெரும் தண்டனை. பெரிய மட்டை அந்தப் பிழையைப் பொறுத்துக்கொண்டது. 2016இல் முழங்கால் காயத்தால் விம்பிள்டனுக்குப் பிறகு ஆறு மாதம் ஓய்வெடுத்தார். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அவருடைய பயிற்சிக் குழுவில் சேர்ந்த இவான் லுபிசிச்சும் ஒற்றைக்கைப் பேக்ஹேண்டுக்குப் பெயர் பெற்றவர். 2017இல் திரும்பி வந்தபோது ஃபெடரர் ஸ்லைஸைக் குறைத்துக்கொண்டு, பின்கோட்டை விட்டு நகராமல், பந்து தோளை எட்டும் முன்பே முழு வீச்சில் அடித்தார். 35 வயதில் தம் ஆட்டத்தின் பழைய பழக்கத்தை ஒருவர் இப்படி மாற்றிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஆஸ்திரேலிய ஓபன் நடந்த மெல்போர்ன் ஆடுகளம் வேகமாக இருந்ததாக ஆட்டக்காரர்கள் பலரும் பேசினார்கள். களிமண்ணில் இந்த மாற்றம் போதவில்லை என்பதும் 2019 பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில் தெரிந்துவிட்டது. 3-6, 4-6, 2-6.

மறுமொழி 5: நெல்லை ரசிகன்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு 2017 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியாட்டத்தின் ஐந்தாவது செட்டை இருவரும் சேர்ந்து பார்த்தோம். இம்முறை பந்தை விட்டுவிட்டு ஃபெடரரின் கால்களை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டோம். 1-3 என்று பின்தங்கிய பிறகும் அவர் கோட்டை விட்டு ஓரடிகூடப் பின்னால் போகவில்லை. 4-3 என்று முன்னேறிய பிறகு, நடாலின் சர்வீஸில் 26 அடிகள் கொண்ட ஒரு புள்ளி வந்தது. அதில் எத்தனை முறை பந்து அந்த இடப்பக்க மூலைக்குப் போகிறது என்று அவன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினான்; பாதியில் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்தான். கடைசியில் ஃபெடரர் ஃபோர்ஹேண்டைக் கோட்டை ஒட்டி அடித்து அதை முடித்தார்.

ஜோகோவிச் வட்டத்தைச் சொன்னதும் அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ஜோகோவிச்சும் நடாலும் 60 முறை மோதி 31-29 என்று ஜோகோவிச் முன்னிலையில் முடித்திருக்கிறார்களே, அந்த 60 ஆட்டங்களையும் தரைவாரியாகப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டான். நாளை ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே தாளும் பேனாவுமாக வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.