ரிக்கார்டோவில் தொடங்குவதா, காலடிப்பேட்டையில் தொடங்குவதா?

கேள்வி: தண்டையார்பேட்டை வாத்தியார்

வணக்கம். பி.ஏ. பொருளியல் பிள்ளைகளுக்குப் பன்னாட்டு வர்த்தகம் எடுக்கிறேன். பலரும் காசிமேடு, ராயபுரம், மணலி பக்கத்துப் பிள்ளைகள். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைத் தாண்டித்தான் கல்லூரிக்கே வருகிறார்கள்.

பாடத்தில் முதலில் வருவது ஆங்கிலப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817-ல் போட்ட கணக்கு. குறிப்பிட்ட அளவு ஒயின் செய்யப் போர்ச்சுகலில் ஓராண்டுக்கு 80 ஆள் வேண்டும், துணிக்கு 90. இங்கிலாந்தில் 120, 100. இரண்டிலுமே போர்ச்சுகல்தான் கெட்டி, ஆனாலும் ஒயினைக் கொடுத்துத் துணியை வாங்கிக்கொண்டால் இருவருக்கும் லாபம். எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு. ஆனால் இதை முடித்ததும், "அப்போ இறக்குமதி வரி போடுறதே தப்பா சார்?" என்று கேட்கிறார்கள். ஒரே கணக்கில் உலகம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

அதனால் வரலாற்றில் தொடங்கலாமா என்று பார்க்கிறேன். திருவொற்றியூர் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளர்களுக்காக உருவான ஊர். 1721-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அச்சடித்த பருத்தித் துணியை அங்கே யாரும் உடுத்தக் கூடாது என்று சட்டம் போட்டது. தடை போட்டுத் தன் தொழிலை வளர்த்த நாடுதான் பிற்பாடு தடையில்லா வர்த்தகம் பேசியது. இதை முதலில் சொன்னால் ரிக்கார்டோ சரியாகப் புரியுமா, இல்லை அவர்மேல் வெறுப்புதான் வருமா?

பதில்: கொருக்குப்பேட்டை குமார்

வெறுப்புதான் வரும் சார். கணக்கை முதலில் போடுங்கள், ஆனால் பிள்ளைகள் கையாலேயே போடட்டும். ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் போர்ச்சுகலுக்கு 10 ஆள் மிச்சம், இங்கிலாந்துக்கு 20. ஏன் ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய? விலையை யார் வைக்கிறார்கள்? அரசியல் அந்த இடத்திலேயே உள்ளே வந்துவிடும்.

பதில்: ராயபுரம் செல்வி

குமார் அண்ணா சொல்வது சரி, ஆனால் பாதிதான். முதல் போட்டவன் நாடு விட்டு நாடு போகமாட்டான் என்று வைத்துக்கொண்டுதான் ரிக்கார்டோ அந்தக் கணக்கையே போடுகிறார். கொரியக் கம்பெனி இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்து நம்ம துறைமுகத்தில் கப்பல் ஏற்றுகிறது. பிள்ளைகள் கண்ணால் பார்க்கிற விஷயம் இது. இதை விட்டுவிட்டு எந்த வரிசையில் நடத்தினாலும் பாடம் நொண்டும்.

பதில்: பெரம்பூர்க்காரன்

ஒரு வேண்டுகோள். வரலாறு என்றதும் எங்கள் பெரம்பூரில் இருந்த பழைய துணி ஆலையான பின்னி மில்லை இழுத்து, "இறக்குமதியால் மூடியது" என்று சொல்லிவிடாதீர்கள். 1985 ஜவுளிக் கொள்கை மில்லையும் விசைத்தறியையும் ஒரே தட்டில் வைத்தது. உள்நாட்டுப் போட்டியும் பழைய இயந்திரங்களும் இந்தியா முழுக்கப் பெரிய மில்களை அழுத்திக்கொண்டிருந்த காலம் அது. எல்லாப் பழியையும் வெளிநாட்டின்மேல் போட்டால் பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். ரிக்கார்டோவை மனப்பாடம் செய்வதைவிட இது மோசம்.

தண்டையார்பேட்டை வாத்தியார்

மூவருக்கும் நன்றி. பெரம்பூர்க்காரர் சொன்னது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சரி, கணக்கில் தொடங்குகிறேன், அதே வாரத்தில் 1721 சட்டத்தையும் வைக்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதே, அதை இறாலை வைத்து எழுதச் சொல்லப்போகிறேன்: அந்த வரியில் எவ்வளவு அங்கே வாங்குபவர் தலையில், எவ்வளவு இங்கே வளர்ப்பவர் தலையில்?

ராயபுரம் செல்வி

நல்ல கேள்வி சார். ஆனால் அமெரிக்கா போவதில் பெரும்பங்கு பண்ணையில் வளர்க்கும் வனாமி என்ற இறால் வகை. காசிமேட்டில் ஏலம் போகிற கடல் இறால் வேறு. பிள்ளைகளிடம் அதை முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.