15 மீட்டர் வராந்தாவில் ஆறு நிமிட நடைச் சோதனை செய்பவர்கள் உண்டா?

பிசியோதெரபி நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் ஆறு நிமிட நடைச் சோதனை (ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளப்பது) தொடங்கப் போகிறோம். அமெரிக்க நெஞ்சகச் சங்கத்தின் 2002 வழிகாட்டி 30 மீட்டர் நேர்பாதை கேட்கிறது. எங்களிடம் இருப்பது 15 மீட்டர் வராந்தா, அதிலும் ஓரமெல்லாம் ஸ்ட்ரெச்சர். நீளம் பாதியானால் திரும்பும் தடவைகள் கூடும், நடக்கும் தூரம் குறையும். 300 மீட்டருக்குக் கீழே போனாலே கவலைப்படும் சோதனையில் இது சின்ன விஷயமில்லை.

10 மீட்டரே போதும் என்பதால், இரு முனைகளுக்கு இடையே போய்த் திரும்பும் ஷட்டில் நடைக்கு மாறலாமா? பீப் ஒலிக்கேற்ப வேகம் கூடிக்கொண்டே போகும். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் ஈடுகொடுப்பார்களா என்றுதான் தயக்கம்.

குறைந்த நீளத்தில் செய்பவர்கள் அதே நோயாளியின் பழைய தூரத்தோடு மட்டும் ஒப்பிடுகிறீர்களா? முதல் நடையைப் பயிற்சியாக விட்டுவிடுகிறீர்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.