மறு: நெட்டிலுக்குத் தமிழ்ச் சொல் – ‘செந்தட்டி’யா, ‘எரிசுணை’யா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தொட்டால் எரிந்தாலும் மலைக்காரர்கள் வேகவைத்து உண்ணும் நெட்டில் (nettle) என்னும் கீரைக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்று நான் கேட்டதற்குக் கோவை நண்பர் ‘சீமைச் செந்தட்டி’ என்றும், யாழ்ப்பாணத்து அம்மையார் ‘காஞ்சோன்றி’ என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் நாவில் பழகிய சொற்கள் என்பதால் முதலில் நானும் அவற்றின் பக்கமே சாய்ந்தேன். ஆனால் நான் மொழிபெயர்க்கும் உத்தராகண்ட மலைச் சமையல் குறிப்புகளுக்குள் அவற்றை வைத்துப் படித்தபோது தயக்கம் வந்தது. ‘செந்தட்டியின் இளந்தளிர்களைப் பறித்துக் கொதிநீரில் வேகவைத்துக் கடைக’ என்று அச்சில் ஏறினால், திருநெல்வேலியில் அதைப் படிப்பவர் தம் வீட்டு வேலியில் படர்ந்திருக்கும் கொடியைத்தானே பறிப்பார்?

அந்தக் கொடியின் தாவரவியல் பெயர் டிராஜியா இன்வொலுக்ரேட்டா; காஞ்சோன்றி என்பதும் அதையே குறிக்கும். ஆமணக்கு இருக்கும் யூபோர்பியேசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மலைக்காரர்கள் கீரையாக உண்பது உர்ட்டிகா பேரினத்துச் செடியை. அது யூர்ட்டிக்கேசி என்னும் வேறு குடும்பம். இரண்டும் தொட்டால் எரியும் என்பதைத் தவிர அவற்றுக்குள் நெருங்கிய உறவு இல்லை. எரிக்கும் முறைகூட வேறு. உர்ட்டிகாவின் மயிர் ஒற்றை உயிரணுவால் ஆன நுண்குழாய். அடி புடைத்தும், நுனி சிலிக்கா ஏறிக் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையோடும் இருக்கும். விரல் பட்டதும் நுனிக்குமிழ் ஒடிந்து, சாய்வாக வெட்டிய ஊசிமுனை வெளிப்பட்டு, உள்ளிருக்கும் நீர் தோலுக்குள் இறங்குகிறது. அந்த நீரில் ஹிஸ்டமின், அசிட்டைல்கொலின் என்னும் வேதிப்பொருள்கள் இருப்பதை எம்மலின், ஃபெல்ட்பெர்க் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 1947 இல் காட்டினார்கள். எறும்பின் அமிலம்தான் எரிக்கிறது என்ற பழைய பேச்சு அதன் பிறகும் பாடநூல்களில் நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தது. செந்தட்டியிலோ கால்சியம் ஆக்சலேட்டுப் படிகமே ஊசியாக நின்று குத்துகிறது.

‘சீமை’ என்ற அடைமொழி இந்தக் குழப்பத்தைத் தடுக்கும் என்று நண்பர் கருதுகிறார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அடைமொழி பேச்சில் முதலில் உதிரும் பகுதி. சீமைக்கருவேலத்தை வெறுமனே ‘கருவேலம்’ என்று சொல்வோரை நாம் அன்றாடம் கேட்கிறோம். உண்ணும் பொருளின் பெயரில் அந்த உதிர்வை அனுமதிக்க முடியாது. தவிரவும், இமயமலையில் தானே முளைத்து, கட்வாலில் ‘கண்டாலி’ என்றும் குமாவுனில் ‘சிசூண்’ என்றும் நேபாளத்தில் ‘சிஸ்னு’ என்றும் வழங்கும் செடியைச் ‘சீமை’ என்பது அதற்குச் செய்யும் நியாயமும் ஆகாது. இந்தியில் ‘பிச்சூ காஸ்’, அதாவது தேள்புல், என்கிறார்கள். அதைத் தழுவலாம் என்றால், தேள்கொடுக்கு என்ற பெயரை நம்மிடம் வேறொரு செடி முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது.

ஆகவே மயிரிலிருந்து தொடங்குவோம் என்பது என் கருத்து. கம்பங்கதிரிலும் வைக்கோலிலும் மூங்கில் உறையிலும் வெண்டைக்காயிலும் உள்ள, உடம்பில் பட்டால் அரிக்கும் நுண்மயிருக்கு உழவர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: சுணை. களத்துமேட்டில் நின்று வந்தவர் ‘உடம்பெல்லாம் சுணை’ என்று சொல்லாமல் குளிக்கப் போகமாட்டார். சுணை அரிக்கும், இந்தச் செடியின் சுணையோ எரிக்கும். எனவே எரியும் சுணை, ‘எரிசுணை’, வினைத்தொகை. உர்ட்டிகா என்ற இலத்தீன் பெயரும் எரித்தல் என்னும் வினையிலிருந்தே பிறந்தது என்பதால், தேடாமலே பொருளும் பொருந்தி வந்திருக்கிறது. கொட்டும் மயிர் என்ற உறுப்புக்கு ‘எரிசுணை’, செடிக்கு ‘எரிசுணைச் செடி’, அடுப்படியில் ‘எரிசுணைக் கீரை’ என்பது என் முன்மொழிவு. செந்தட்டியும் காஞ்சோன்றியும் தத்தம் பழைய பொருளிலேயே நிற்கட்டும்.

எழுத்துப்பிழை வருமே என்ற கவலை நியாயமானது. டண்ணகரம் றன்னகரமாகிச் ‘சுனை’ என்று அச்சானால் மலையூற்று வந்து நிற்கும். ஈரமும் தழைச்சத்தும் மிகுந்த மண்ணில், மாட்டுக் கொட்டிலையும் எருக்குழியையும் ஒட்டியே இது செழிப்பதால், சுனைக்கரையில் முளைத்ததாக எண்ணிக்கொள்பவர் பெரிதாகத் தவறிவிடமாட்டார்! இன்னொன்று: சுணை என்றால் மான உணர்ச்சி என்றும் பொருள் உண்டு, ‘சுணைகெட்டவன்’ என்று திட்டுகிறோம். வெந்த பிறகு இது உண்மையிலேயே சுணைகெட்ட கீரை.

அது எப்படிக் கெடுகிறது என்பதை அல்மோராவில் நான் குடியிருந்த வீட்டின் அடுத்த வாசலில் பார்த்திருக்கிறேன். கீரை ‘கிள்ளுதல்’ என்னும் நம் வினைச்சொல் நகத்தை நம்பியது. இங்கே நகத்துக்கு வேலையில்லை. அந்த அம்மா ரொட்டி திருப்பும் இடுக்கியால் தண்டின் உச்சியைப் பிடித்து, நுனியில் நாலைந்து இலைகளோடு அரிவாளால் அறுத்துக் கூடைக்குள் போட்டார். கூடையைக்கூட இடுப்பில் ஒட்டாமல் தள்ளியே பிடித்திருந்தார். இடுக்கியாலேயே அள்ளிக் கொதிக்கும் நீரில் அமிழ்த்தியதும் இலை துவண்டு கரும்பச்சையானது. இரண்டு நிமிடம் கழித்து வெறுங்கையால் எடுத்துப் பிழிந்து என் உள்ளங்கையில் ஓர் உருண்டையை வைத்தார். நான் கையை இழுத்துக்கொண்டதைப் பார்த்து அவர் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. எரியவில்லை. பிறகு அதை மசித்து, அரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டு, கடைசியில் ‘ஜக்கியா’ தாளித்தார். அந்த ஜக்கியா வேறொன்றுமில்லை, நம் ஊர்த் தரிசுகளில் கிடக்கும் நாய்க்கடுகின் விதை. கேழ்வரகு ரொட்டியோடு சாப்பிட்டோம். பசலையைவிட அழுத்தமான சுவை, மண்வாசம் சற்றுத் தூக்கல்.

இந்த ‘கொதிநீரில் முக்கியெடுத்தல்’ என்ற செயலைக் குறிப்புகளில் ஒவ்வொரு முறையும் விரித்து எழுத வேண்டியிருக்கிறது. ‘சுணை முறித்தல்’ என்று சுருக்கலாமா? நஞ்சை முறிப்பது, பித்தத்தை முறிப்பது என்ற வழக்குகள் இருப்பதால் இது ஒட்டும் என்று நினைக்கிறேன். நன்றாக உலர்த்தினாலும் கசக்கி அரைத்தாலும் சுணை முறியும் என்பதால், தேநீருக்காக நிழலில் காயவைப்பதையும் இதே சொல் தாங்கும். பூத்தபின் பறிக்கக்கூடாது என்ற விதியும் குறிப்புகளில் உண்டு. முற்றிய இலையில் சுண்ணாம்புத் துகள்கள் சேர்ந்து சிறுநீர்ப் பாதையை உறுத்தக்கூடும் என்பார்கள். வேகவைத்த 100 கிராம் கீரையில் ஏறத்தாழ 480 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வைட்டமின் கே மிக அதிகம் என்பதால், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் உண்ணலாகாது என்ற எச்சரிக்கையை நான் அடிக்குறிப்பில் தள்ளாமல் செய்முறைக்கு மேலேயே வைத்திருக்கிறேன்.

கைவைத்தியப் பகுதியில் இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன. மூட்டுவலி உள்ள இடத்தில் பச்சைச் செடியை வேண்டுமென்றே படவைக்கும் பழைய ஐரோப்பிய வழக்கத்தைச் ‘சுணையடி’ என்று குறித்திருக்கிறேன். 2000 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கட்டைவிரல் மூட்டுவலி உடைய 27 பேரிடம் இதைச் சோதித்தபோது, ஒரு வாரத்தில் வலி குறைந்ததாகத் தெரியவந்தது. சிறிய ஆய்வுதான், அதற்கு மேல் அதில் சுமையேற்ற நான் விரும்பவில்லை. நம் சிக்கல் அங்கே வேறு. ஒப்பீட்டுக்காக அவர்கள் பயன்படுத்தியது, இலை பார்க்க இதைப் போலவே இருந்தும் எரிக்காத லாமியம் என்னும் துளசிக் குடும்பத்துச் செடி. ஆங்கிலத்தில் அதைச் செத்த நெட்டில் என்பார்கள். ‘செத்த சுணை’ என்பது தமிழாகாது. ‘பேய்’ என்ற முன்னொட்டு கசப்பையும் காட்டுத்தன்மையையும் சுட்டுவதால் அதுவும் பொருந்தாது. ஊமைவெயில், ஊமைக்காயம் என்னும் வரிசையில் ‘ஊமைச்சுணை’ என்று வைத்திருக்கிறேன். தோலில் எழும் தடிப்புக்குச் சித்த மருத்துவத்தின் ‘காணாக்கடி’ இருக்கிறது. அதற்குப் புதுச்சொல் வேண்டியதில்லை.

எஞ்சியிருப்பது ஜிரார்டினியா என்னும் இன்னொரு கொட்டும் செடி. நீலகிரியில் காடோரங்களில் ஆளுயரம் வளர்வதும், நேபாளத்தில் ‘அல்லோ’ என்ற பெயரில் தண்டை உரித்து நூல் நூற்பதும் இதுவே. இதன் மயிரும் எரிசுணைதான் என்பதால் ‘நார் எரிசுணை’ என்று தற்காலிகமாக எழுதியுள்ளேன். கோத்தகிரி, குந்தாப் பக்கத்து உறுப்பினர்கள் படுகர் வழக்கில் இதை எப்படி அழைக்கிறார்கள் என்று சொன்னால், என் சொல்லை அடித்துவிட்டு அதையே இடுகிறேன். ‘எரிசுணைக் கீரை’யைக் குறித்த மறுப்புகளை மட்டும் இம்மாத இறுதிக்குள் எழுதுங்கள்; அதற்குப் பிறகு பக்கங்கள் அச்சுக்கோப்புக்குப் போய்விடும்.

அன்புடன்,
அல்மோரா மொழிபெயர்ப்பாளன்