17,500 ரூபாய் வித்தியாசம்: வீட்டு கார் சார்ஜருக்கு ரெண்டு கொட்டேஷன்

மேக்கரை_சாரல்:
வீடு செங்கோட்டை, மூணு ஃபேஸ் இணைப்பு. மீட்டர் பெட்டியிலிருந்து கார் நிக்கிற இடம் 22 மீட்டர். பைப் மேற்குச் சுவரோட போகணும். ரெண்டு பேருமே ஒரே 7.4 கிலோவாட் சார்ஜரைத்தான் எழுதியிருக்காங்க.
தென்காசிக்காரர் 51,000: 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) காப்பர் வயர், 32 ஆம்ப் எம்சிபி (லோடு கூடினா தானா விழுற சுவிட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா விழுற சுவிட்ச்) ஒண்ணு, எர்த் இருக்கிறதே.
புனலூர்க்காரர் 68,500: 10 ஸ்கொயர், 40 ஆம்ப் எம்சிபி, டைப் ஏ ஆர்சிசிபி, புது எர்த், எஸ்பிடி (மின்னல்ல வர்ற திடீர் வோல்டேஜைத் தடுக்கிற கருவி).
இந்த வித்தியாசம் நியாயமா?

குண்டாறு72:
நியாயமில்ல. தினம் 40 கிலோமீட்டர் ஓட்டம்னா ஆறேழு யூனிட். 16 ஆம்ப்ல வச்சாலே ரெண்டு மணி நேரத்துல ஏறிரும். அதுக்கு 10 ஸ்கொயர் எதுக்கு?

எர்த்குழி:
அண்ணாச்சி, 16 ஆம்ப் கணக்கு சரிதான். ஆனா வாங்கப் போறது 32 ஆம்ப் இழுக்கிற சார்ஜர். கீசர் மாதிரி பத்து நிமிஷ லோடு இல்ல, நாலஞ்சு மணி நேரம் விடாம இழுக்கும். பைப்புக்குள்ள போற 4 ஸ்கொயர் 30 டிகிரில 32 ஆம்ப் தாங்கும். 40 டிகிரில 28க்கு இறங்கிரும். மேற்கு வெயில் விழுற சுவர்ல அதை நம்ப முடியாது. வயர் உடனே எரியாது, திருகு முடுக்கின இடத்துல முதல்ல கருகும்.

இன்னொண்ணு, டைப் எழுதாம "ஆர்சிசிபி"ன்னு மட்டும் போட்டா பெரும்பாலும் ஏசி டைப்தான் வந்து சேரும். கார் பக்கமிருந்து டிசி கசிஞ்சா அதோட உள்வளையம் காந்தமேறி மரத்துப் போயிரும். ஆளுக்கே ஷாக் அடிச்சாலும் விழாம போகலாம். சார்ஜருக்குள்ள 6 மில்லிஆம்ப் டிசி கசிவைக் கண்டு நிறுத்துற வசதி இருந்தா 30 மில்லிஆம்ப் டைப் ஏ போதும். இல்லேன்னா டைப் பி, அது விலை எங்கேயோ போகும். டேட்டாஷீட்டைப் பாக்காம எந்த கொட்டேஷனையும் ஏத்துக்காதீங்க.

குண்டாறு72:
டைப் ஏ ஒத்துக்கிடுதேன் தம்பி. வயர் விஷயத்துல இல்ல. 6 ஸ்கொயர் தாராளம். 32 ஆம்ப்புக்கு 22 மீட்டர்ல 5 வோல்ட் இறங்கும், 10 ஸ்கொயர்னா 3 வோல்ட். ரெண்டு வோல்ட்டுக்கு இம்புட்டு காசா?

எர்த்குழி:
வோல்ட் இல்ல, எம்சிபிதான் பிரச்சினை. 6 ஸ்கொயர் பைப்புக்குள்ள 40 டிகிரில தாங்குறது 35 ஆம்ப். அதுக்கு 40 ஆம்ப் எம்சிபி வச்சா வயருக்குக் காவல் இல்ல. 32 வச்சா மூடின பெட்டிக்குள்ள சூடேறி நடு ராத்திரில விழும், காலைல பேட்டரி பாதிதான் இருக்கும். புனலூர்க்காரர் 10 எழுதினதுக்குக் காரணம் இதுதான்.

ஆரியங்காவு_லைன்:
10 ஸ்கொயர் இல்லாமலும் தீரும். பல சார்ஜர்ல உள்சுவிட்ச்சாலயோ ஆப்லயோ உச்ச ஆம்பைக் குறைக்கலாம். 25 ஆம்ப்னு வச்சா 5.7 கிலோவாட்; 30 யூனிட் பேட்டரி ஆறு மணி நேரத்துல நிறையும். 6 ஸ்கொயர், 32 ஆம்ப் எம்சிபி போதும். நாளைக்கு செட்டிங் மாறிப் போனாலும் எம்சிபிதான் விழும், வயர் தப்பிச்சிரும்.

எர்த்துக்கு ரெண்டு பேருமே அளவு சொல்லல. முதல்ல எர்த் டெஸ்டர் வச்சுப் பாக்கச் சொல்லுங்க. 5 ஓமுக்குள்ள இருந்தா பழசே போதும். சாரல் காலத்துல மண்ணு ஈரமா இருக்கும், ரீடிங் நல்லாத்தான் வரும். மே மாசத்துல எடுத்த ரீடிங்கை நம்புங்க. புது எர்த் போட்டா அதைப் பழசோட கட்டாயம் இணைக்கணும், தனியா நிக்க விடக்கூடாது. எஸ்பிடிக்குப் போற வயர் அரை மீட்டருக்குள்ள இருக்கணும், சுத்தி வளைச்சு இழுத்தா மின்னலுக்கு அது பாதி வேலைதான் செய்யும்.

புனலூர் கேரளா, அதனால அவர்கிட்ட ஒண்ணு கேளுங்க. லோடு கூட்ட ஈபிக்கு எழுதினா, வயரிங் முடிஞ்ச ரிப்போர்ட்ல தமிழ்நாட்டு உரிமம் உள்ள கான்ட்ராக்டர் கையெழுத்து வேணும். அதை யார் போடுவா? அப்புறம் வரி. 2019 ஆகஸ்ட் 1லேர்ந்து கார் சார்ஜருக்கு ஜிஎஸ்டி 5 சதம்தான். மொத்தமா ஒரே வேலைன்னு பில் போட்டு எல்லாத்துக்கும் 18 வாங்கிருவாங்க. சார்ஜரைத் தனி பில்லா வாங்குங்க.

குண்டாறு72:
25 ஆம்ப் யோசனை எனக்குச் சம்மதம். அப்படின்னா 68,500 குறைஞ்சே ஆகணும். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூணுக்குமா 66 மீட்டர் வயர். 10லேர்ந்து 6க்கு வந்தா வயர் செலவு நல்லாவே இறங்கும். லம்ப்சமா வாங்காதீங்க, மீட்டருக்கு இவ்வளவுன்னு எழுதித் தரச் சொல்லுங்க. 51,000காரரும் 4ஐ 6 ஆக்கி, டைப் ஏ போட்டா எங்க நிப்பாருன்னு பாப்போம்.

மேக்கரை_சாரல்:
டேட்டாஷீட்ல 6 மில்லிஆம்ப் டிசி பாதுகாப்பு இருக்கு, ஆம்ப் குறைக்கிற வசதியும் இருக்கு. 6 ஸ்கொயர், 32 ஆம்ப், டைப் ஏன்னு ஒரே பட்டியலை ரெண்டு பேருக்கும் அனுப்புதேன்.

எர்த்குழி:
எர்த் ரீடிங், எடுத்த தேதி, ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன் அழுத்திக் காட்டுறது, இந்த மூணையும் பட்டியல்ல சேத்திருங்க. பாக்கிப் பணம் அதுக்கப்புறம்.