ஜேட் வளையல் உடைந்தால் கெட்டது போய்விடுமா?

சிங்கைச்செல்வி: கீழ்வீட்டுச் சீனப் பாட்டி ஆசையாகத் தந்த பச்சை ஜேட் வளையல் நேற்றுக் குளியலறைத் தரையில் விழுந்து மூன்று துண்டாகிவிட்டது. அழாத குறையாகப் போய்ச் சொன்னேன். பாட்டியோ, "உனக்கு வர இருந்ததை அது வாங்கிக்கொண்டது" என்று சிரிக்கிறார். அந்தக் கல்லில் அப்படி என்னதான் இருக்கிறது?

உரைகல்: சோடியம், அலுமினியம், சிலிக்கா. அவ்வளவுதான். ஜேட் என்பது ஒரே கல்கூட இல்லை. நெஃப்ரைட், ஜேடைட் என இரண்டு கனிமங்கள். நான் சொன்ன கலவை ஜேடைட்டுடையது. 1863இல் டாமூர் என்ற பிரெஞ்சுக்காரர்தான் ஜேடைட்டைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். பெயரைப் பாருங்கள்: இடுப்பு வலிக்கு நல்லதென்று கேள்விப்பட்ட ஸ்பானியர்கள் 'இடுப்புக் கல்' என்றார்கள், அதுதான் தேய்ந்து ஜேட் ஆனது. புளுகு பெயரிலேயே தொடங்கிவிட்டது. வளையல் உடைந்ததற்குக் காரணம் ஈரத்தரை, சகோதரி.

வாய்ச்சி: உரைகல் அண்ணா, கனிமப் பாடம் சரி. அந்த "அவ்வளவுதான்" மட்டும் சரியில்லை. நெஃப்ரைட்டின் உள்ளே நுண்ணிய இழைகள் தென்னை நாரைச் சிக்கலாக்கி அழுத்தியது போலப் பின்னிக்கிடக்கின்றன. வைரத்தைக் கீறுவது கடினம், ஆனால் சுத்தியலுக்கு அது பிளந்துவிடும். நெஃப்ரைட் அவ்வளவு எளிதில் பிளக்காது. இரும்பு அறியாத மாவோரிகள் நியூசிலாந்தில் அதைப் 'பொவுனாமு' என்று அழைத்து, வாய்ச்சியும் போர்க்கருவியும் செய்தது அதனால்தான். செதுக்கவும் முடியாது, மணலும் நீரும் போட்டு நாள் கணக்கில் அராவ வேண்டும். சீனத்தின் லியாங்சு மக்கள் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்பே அப்படி வட்டத் தகடுகள் செய்து, இறந்தவர்களோடு புதைத்தார்கள். அந்த உழைப்புக்கு மதிப்பு இல்லையா?

உரைகல்: உழைப்பை யார் மறுத்தார்கள்? நம்பிக்கையைத்தான் கேட்கிறேன். கி.மு. 113இல் இறந்த சீன ஹான் வம்ச இளவரசன் லியூ ஷெங்குக்கு 2,498 ஜேட் துண்டுகளைத் தங்கக் கம்பியால் தைத்து உடை போட்டார்கள், உடல் கெடாது என்று. 1968இல் கல்லறையைத் திறந்தபோது கல் இருந்தது, இளவரசன் மண்ணாகியிருந்தான்.

வாய்ச்சி: உடல் போனது, உடை நின்றது. பழஞ்சீன ஞானி கன்பூசியஸின் வழியினர் ஜேட்டில் கண்டது மருந்தை அல்ல, நற்குணத்தை. பார்வைக்கு மென்மை, உள்ளே உறுதி.

மலைச்சரிவு: இருவரும் வேறு கல்லைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பழைய சீனம் போற்றியது இன்றைய மேற்குச் சீனத்தின் ஹோத்தான் ஆறுகளில் கிடைத்த நெஃப்ரைட்டை. செல்வி சொல்லும் பளிச்சென்ற பச்சை பெரும்பாலும் பர்மா ஜேடைட். சீனத்தில் அது பரவியது 18ஆம் நூற்றாண்டில்தான். கன்பூசியஸ் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். அந்த ஜேடைட் வருவது பர்மாவின் கச்சின் மாநிலத்துப் பாகாந்திலிருந்து. 2020 ஜூலை 2 அன்று அங்கே சுரங்கக் கழிவு மலை சரிந்து 170 பேருக்கு மேல் மாண்டார்கள். பலர் கழிவில் மிச்சக்கல் பொறுக்க வந்த ஏழைகள். கெட்டதை வாங்கிக்கொள்ளும் கல்லாம்! அவர்களுக்கு எதை வாங்கிக்கொண்டது?

வாய்ச்சி: இதற்கு என்னிடம் பதில் இல்லை.

உரைகல்: என்னிடமும் இல்லை. ஆனால் சந்தேகம் ஒன்று. ஜேடைட்டும் லேசில் உடையும் கல் அல்ல. கடைகளில் மூன்று வகை உண்டு: 'ஏ' என்றால் மெழுகு மட்டும் பூசிய இயற்கைக் கல், 'பி' அமிலத்தில் ஊறவைத்துக் கறை நீக்கி, பிசின் ஏற்றியது, 'சி' சாயம் போட்டது. அமிலம் தின்ற கல்லுக்குள் பிடிப்பு இருக்காது. அகச்சிவப்புக் கதிர் சோதனையில் பிசின் காட்டிக்கொடுத்துவிடும். துண்டுகளை ஓர் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

மலைச்சரிவு: 'ஏ' வகையாகவே இருந்தாலும் மெல்லிய வளையல் ஓட்டுத் தரையில் விழுந்தால் விரிசல் விடும். உடைந்ததை வைத்துப் போலி என்று முடிவுகட்டாதீர்கள்.

சிங்கைச்செல்வி: கல் வந்த வழியை இதுவரை நான் நினைத்ததே இல்லை. புதிதாக இன்னொன்று வாங்க மாட்டேன். பாட்டி தன் பழக்கப்பட்ட நகைக்கடையில் மூன்று இடத்திலும் தங்கப் பூண் போட்டு இணைத்துத் தரச் சொல்லியிருக்கிறார், செலவும் அவருடையதாம். ஆய்வகத்துக்குக் கொண்டுபோக மாட்டேன், அண்ணா. சோதனையில் 'பி' என்று வந்தால் பாட்டியின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

உரைகல்: குளிக்கும்போதாவது கழற்றி வையுங்கள்.